எல்லாரையும் திருப்தி செய்ய முடியாது!
கழுதைக் கதையைப் படமாக்கி, மனதைத் திறந்து காட்டிய ஓவியர்

ஒரு கிழவரும் அவருடைய மகனும் கழுதை ஒன்றை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

"கழுதை சும்மா போகிறது. இவர்கள் நடந்து போகிறார்களே!" என்று வழியில் நின்றவர்கள் சிரித்தார்கள். உடனே மகன் கழுதை மீது ஏறிக்கொண்டான்.

"வயதான தகப்பனை நடக்கவிட்டு வாலிபன் சவாரி செய்கிறானே!" என்று வேறு சிலர் ஏசினார்கள். மகன் இறங்கினான். தகப்பன் ஏறினார்.

"சின்னப் பையனை நடக்க வைக்கிறாரே! இவருக்கு ஈவு இரக்கம் இல்லையா?" என்று பெண்கள் கேட்டார்கள். இருவருமே ஏறிக்கொண்டார்கள்.

"ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்!" என்று அடுத்த ஊரார் பரிதாபப்பட்டார்கள். கடைசியில் கழுதையின் கால்களைக் கட்டி, கம்பில் மாட்டி, தகப்பனும் மகனும் தோளில் சுமந்து போனார்கள். பாலத்தில் போகும்போது கழுதை திமிறியது. ஆற்றில் விழுந்து செத்தது.

இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். இந்தக் கதையை ஓர் இந்திய ஓவியர் பெரிய படமாகத் தீட்டினார். அப்போது அவருக்கு வயது 47. அதுவரை யாரிடமும் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு ரகசியத்தை அந்தப் படத்தின் மூலம் அவர் வெளியிட்டார்.

அவர்தான் பூபேன் கக்கர்.

கடைக்குட்டிப் பிள்ளை

பூபேன் கக்கர், 1934-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி பம்பாயில் பிறந்தார். குஜராத்திக் குடும்பம். ஜன நெருக்கடி மிகுந்த கேத்வாடி பகுதியில் குடியிருந்தார்கள்.

வீட்டில் 4 பிள்ளைகள். பூபேன்தான் கடைக்குட்டி. அவருக்கு 4 வயது ஆனபோது தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் தம் நம்பிக்கையை எல்லாம் கடைசிப் பிள்ளை மேல் வைத்தார்.

தாயாரின் ஆசை வீண் போகவில்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பம்பாய் சர்வகலாசாலைக்குப் போனவர் பூபேன்தான். பொருளாதாரம் படித்தார். பிறகு வீட்டார் சொற்படி வணிகவியல் படித்தார். "ஆடிட்டர்" பரீட்சையிலும் தேறினார்.

ஆடிட்டர் என்றால் கேட்க வேண்டுமா? கௌரவமான உத்தியோகம். கை நிறையச் சம்பளம். இனி ஒரு நல்ல இடத்தில் பெண் பார்த்துக் கலியாணம் செய்துவைக்க வேண்டியதுதான். எந்தத் தாயும் இப்படித்தான் நினைப்பாள்.

ஆனால் பூபேனின் மனம் கணக்கில் இல்லை. படம் வரைவதில் இருந்தது. மாலை நேரங்களில் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்குப் போய்வந்தார். 1958-ம் ஆண்டு குலாம் முகமது ஷேக் என்ற இளம் கவிஞர் அவருக்குப் பழக்கமானார். ஷேக் ஓவியரும்கூட. "பரோடாவுக்கு வா, அங்கே நல்ல கலைக் கல்லூரி இருக்கிறது" என்று அவர் பூபேனைத் தூண்டினார்.

1962-ம் ஆண்டு பூபேன் புறப்பட்டுவிட்டார். அப்போது வயது 28.

கணக்கும் வர்ணமும்

பரோடா (இப்போது வதோதரா) பம்பாயிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அங்குள்ள மகாராஜா சாயாஜிராவ் சர்வகலாசாலையின் கலைக் கல்லூரி 1950-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பூபேன் அங்கே கலை விமர்சனப் படிப்பில் சேர்ந்தார். ஓவியம் தீட்டும் தொழிலை அவர் முறையாகப் படித்ததில்லை. தானாகவே பழகிக்கொண்டார்.

படம் விற்று வயிறு வளர்க்க முடியுமா? முடியவில்லை. அதனால் பரோடாவிலும் கணக்கு வேலையை அவர் விடவில்லை. பல ஆண்டுகள் பகுதி நேரக் கணக்கராக வேலை பார்த்தார். ஒரு கை பேரேட்டில் இருந்தது. மறு கை தூரிகையில் இருந்தது.

1965-ம் ஆண்டு பம்பாயில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. பார்க்க வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் காலண்டர் சாமி படங்களை வெட்டி ஒட்டி, அதன் மேல் வர்ணம் பூசி வைத்திருந்தார்! காலண்டர் படம் கலையாகுமா என்று மெத்தப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

அவருக்குக் குறும்பும் அதிகம். 1972-ம் ஆண்டு கண்காட்சிக்காக வெளியிட்ட புத்தகத்தில், சினிமா துப்பறியும் வீரர் ஜேம்ஸ் பாண்ட் போலவும், பற்பசை விளம்பரக்காரர் போலவும் வேடம் போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்.

கடைத்தெரு மனிதர்கள்

அந்தக் காலத்து ஓவியர்கள் பலர் ராஜாக்களையும் தெய்வங்களையும் கிராமத்து அழகிகளையும் வரைந்தார்கள். வேறு சிலர் மேல்நாட்டு பாணியில் வெறும் கோடுகளையும் வர்ணங்களையும் தீட்டினார்கள். பூபேன் யாரை வரைந்தார் தெரியுமா?

தையல்காரரை வரைந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரை வரைந்தார். முடி திருத்தும் கடைக்காரரை வரைந்தார். ஓர் உதவிக் கணக்கரையும் வரைந்தார். எல்லாம் 1972, 1973-ம் ஆண்டுகளில் வந்த படங்கள். கடை விளம்பரப் பலகையில் இருப்பது போன்ற பளிச்சென்ற நிறங்கள். நாம் தினமும் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும் மனிதர்கள், அவருடைய படத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மனிதர்களின் முகத்தில் ஒரு தனிமை இருக்கும். அவர் தீட்டிய "பிளாஸ்டிக் பூங்கொத்து வைத்திருக்கும் மனிதர்" என்ற படத்தைச் சொல்லலாம். நடுவில் ஒருவர் பிளாஸ்டிக் பூக்களைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சுற்றிலும் அவருடைய வாழ்க்கைக் காட்சிகள் சிறுசிறு படங்களாக இருக்கின்றன. வாடாத பூதான். ஆனால் வாசனை ஏது?

மனதில் ஒரு பூட்டு

பூபேன் கலியாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் மீது அவருக்குக் காதல் பிறக்கவில்லை. ஆண்களைத்தான் அவர் நேசித்தார்.

இதை யாரிடம் சொல்வது? தாயாரிடம் சொல்ல முடியுமா? உறவினரிடம் சொல்ல முடியுமா? அது சட்டப்படியும் குற்றம். 1860-ம் ஆண்டு வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு அப்படிச் சொன்னது. 10 ஆண்டு வரை சிறை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கலாம்.

சட்டத்தைவிட ஊர் வாய் பொல்லாதது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற பயம் மனிதனை அரித்துவிடும். பூபேனும் பயந்தார். வெட்கப்பட்டார். நண்பர்களிடமும் மறைத்தார். இவ்வாறு ஒளித்து வாழ்ந்ததைப் பிற்காலத்தில் பேட்டிகளில் அவரே சொன்னார்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டும். ஆடிட்டருக்கு இது தெரியாதா? கணக்கில் ஒரு வரியை மறைத்தால் அடுத்த பக்கத்திலும் மறைக்க வேண்டும். கடைசியில் எந்தக் கூட்டலும் சரியாக வராது.

சீமையில் கண்டது

1970-களின் பிற்பகுதியில் பூபேன் வெளிநாடுகளுக்குப் போனார். 1979-ம் ஆண்டு இங்கிலாந்தில் பாத் கலைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஹோவர்டு ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில ஓவியர் அவருக்கு நண்பர். அவர் வீட்டில் தங்கினார்.

அங்கே அவர் கண்ட ஒரு காட்சி அவரைச் சிந்திக்க வைத்தது. ஆணும் ஆணும் ஜோடியாக, ஒளிவு மறைவு இன்றி வாழ்ந்தார்கள். அவர்கள் மற்றவர்களைப் போலவே சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், விருந்தினரை உபசரித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவுக்கு அந்தச் சட்டத்தைக் கொடுத்ததே வெள்ளைக்காரர்கள்தான். அவர்களோ தங்கள் நாட்டில் 1967-ம் ஆண்டிலேயே, வயது வந்த ஆண்கள் இருவர் தனிமையில் கூடுவது குற்றமல்ல என்று திருத்திவிட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பூட்டு மட்டும் இங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

மாடத்தில் நின்றவர்

பூபேன் நாடு திரும்பினார். தாயார் காலமானார். வீட்டில் இனி யாருக்காக மறைப்பது?

1981-ம் ஆண்டு அந்தக் கழுதைப் படம் பிறந்தது. "எல்லாரையும் திருப்தி செய்ய முடியாது" என்பது அதன் பெயர்.

படத்தில் ஒரு வீட்டு மாடம். அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். கிட்டத்தட்ட ஆள் உயரம். உடலில் துணி இல்லை. அவர் கீழே ஊரைப் பார்க்கிறார். ஊரில் தகப்பனும் மகனும் கழுதையோடு போகிறார்கள். கதையின் ஒவ்வொரு கட்டமும் ஒரே படத்தில் அடுத்தடுத்து நடக்கிறது.

மாடத்தில் நிற்பவர் யார்? பூபேன்தான்!

துணியில்லாமல் ஏன் நிற்கிறார்? இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே அதன் பொருள் என்று கலை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஊர் சொன்னபடி எல்லாம் ஆடிய தகப்பனும் மகனும் கடைசியில் கழுதையை இழந்தார்கள். ஊர் சொல்லுக்குப் பயந்து பயந்து, தாமும் வாழ்க்கையை இழக்க வேண்டுமா? 47 வயதில் அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான்.

அதே ஆண்டில், 6 ஓவியர்கள் சேர்ந்து "மனிதர்களுக்கு ஓர் இடம்" என்ற பொருள்படும் பெயரில் பம்பாயிலும் டெல்லியிலும் கண்காட்சி நடத்தினார்கள். நண்பர் ஷேக்கும் பூபேனும் அந்த 6 பேரில் இருந்தார்கள். சாதாரண மனிதர்களின் வாழ்க்கைக் கதையை மீண்டும் ஓவியத்துக்குள் கொண்டுவந்த கண்காட்சி என்று அது பேசப்படுகிறது.

காசியில் இருவர்

அடுத்த ஆண்டு இன்னும் துணிந்தார். 1982-ம் ஆண்டு அவர் தீட்டிய படத்தின் பெயர் "காசியில் இரண்டு ஆண்கள்". நீல நிறப் பின்னணியில் இரண்டு ஆண்கள் ஆடையின்றித் தழுவி நிற்கிறார்கள். சுற்றிலும் காசி நகரம். கோயில்கள், சாமியார்கள், வழிபடும் மக்கள் என்று சிறுசிறு காட்சிகள்.

புண்ணிய நகரத்தில் இப்படி ஒரு படமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் பூபேன் பக்தியைக் கேலி செய்யவில்லை. பஜனையும் கோயிலும் அவருடைய உலகத்தில் சேர்ந்தவைதான். அவருடைய படங்களில் பக்தியும் காதலும் ஒரே தெருவில் குடியிருந்தன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் வரைந்த காதலர்கள் சினிமாக் கதாநாயகர்கள் அல்ல. பலர் முதியவர்கள். நரைத்த தலை, சரிந்த தொந்தி, சுருங்கிய தோல். பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் போல இருப்பார்கள். வயது ஏற ஏற அன்பும் உலர்ந்துவிடும் என்று யார் சொன்னது?

1994-ம் ஆண்டு தீட்டிய ஒரு படத்துக்கு அவர் வைத்த பெயர்: "உன்மீது என் காதலைச் சொல்ல எனக்கு எத்தனை கைகள் வேண்டும்?" அதில் உள்ளவர்களுக்குத் தெய்வங்களைப் போலப் பல கைகள்!

மண்ணும் நெருப்பும்

பூபேன் துணியிலும் காகிதத்திலும் மட்டும் வரையவில்லை. 1990-களில் மண்பாண்ட வேலையிலும் இறங்கினார். தட்டுகளும் உருவங்களும் செய்து வர்ணம் தீட்டினார்.

இது எண்ணெய் வர்ணம் போன்றதல்ல. மண்ணைக் கல் இல்லாமல் பிசைய வேண்டும். உருவம் செய்து நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் சூளையில் வெடித்துவிடும். ஒரு முறை சுட்டபின் வர்ணமும், சூட்டில் உருகிக் கண்ணாடி போல் படியும் பூச்சும் பூசி, மறுபடியும் சுட வேண்டும். சூளையின் சூடு சுமார் 1,000 டிகிரியும் அதற்கு மேலும் போகும்.

சூளைக்குள் வைக்கும்போது சாம்பலாகத் தெரியும் பூச்சு, வெளியே வரும்போது பச்சையாகவோ நீலமாகவோ மின்னும். உள்ளே என்ன ஆகும் என்று முன்கூட்டித் திட்டமாகச் சொல்ல முடியாது. படத்தில் பிழை வந்தால் மேலே இன்னொரு வர்ணம் பூசி மறைக்கலாம். சுட்ட மண்ணில் அது நடக்காது. போட்ட கோடு போட்டதுதான்.

பேனாவையும் அவர் விடவில்லை. குஜராத்தி மொழியில் சிறுகதைகள் எழுதினார். "மோஜிலா மணிலால்" என்ற நாடகமும் எழுதினார். சாதாரணக் குடும்பத்து மனிதர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதுவார். சிரித்து முடித்தபின் மனம் கனக்கும்.

பட்டமும் நோயும்

இப்படிப்பட்ட படங்களை வரைந்தவரை நாடு ஒதுக்கிவிட்டதா? இல்லை. 1984-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவருக்குப் "பத்மஸ்ரீ" பட்டம் கொடுத்தது. 1992-ம் ஆண்டு ஜெர்மனியில் காசெல் நகரில் நடந்த "டாக்குமெண்டா" என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம் பெற்றன. 2000-ம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் "இளவரசர் கிளாஸ்" விருது கிடைத்தது.

எழுத்தாளர் சல்மான் ருஷ்டியை அவர் வரைந்த படம், லண்டன் தேசிய உருவப்பட மாளிகையில் இருக்கிறது.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் புற்றுநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. காதலை மறைக்காதவர் நோயையும் மறைக்கவில்லை. வலியில் துடிக்கும் உடலைத் தயங்காமல் வரைந்தார். "வயிற்றில் பாய்ந்த குண்டு" என்பது 2001-ம் ஆண்டில் வந்த ஒரு படத்தின் பெயர்.

2003-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி பரோடாவில் பூபேன் கக்கர் காலமானார். வயது 69.

அவர் காணாத தீர்ப்பு

அவர் உயிரோடு இருந்த நாள் வரை 377-ம் பிரிவு அப்படியே இருந்தது. 2009-ம் ஆண்டு டெல்லி ஐகோர்ட்டு அதைத் தளர்த்தியது. 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

பிறகு 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு அளித்தார்கள். வயது வந்த இருவர் மனம் ஒத்துத் தனிமையில் சேருவது குற்றமல்ல, அவர்கள் ஒரே பாலினத்தவர் ஆனாலும் சரி என்றார்கள். பூபேன் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால் இப்படிப்பட்ட ஜோடிகளின் கலியாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்க 2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. சட்டம் இயற்றுவது பார்லிமெண்டின் வேலை என்று சொல்லிவிட்டது.

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் "காசியில் இரண்டு ஆண்கள்" படம் ஏலத்துக்கு வந்தது. சுமார் 25 லட்சம் பவுனுக்கு விலை போனது! படம் விற்று வயிறு வளர்க்க முடியாமல் கணக்கு எழுதப் போனவரின் படம் அது.

கழுதை இன்னும் நடக்கிறது

அந்தக் கழுதைப் படம் இப்போது எங்கே இருக்கிறது?

1996-ம் ஆண்டு லண்டன் "டேட்" கலைக்கூடம் அதை வாங்கிக்கொண்டது. 2016-ம் ஆண்டு அந்தக் கலைக்கூடம் பூபேனுடைய படங்களை எல்லாம் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. கண்காட்சிக்கும் "எல்லாரையும் திருப்தி செய்ய முடியாது" என்றே பெயர் வைத்தார்கள்.

பலர் புகழ்ந்தார்கள். ஆனால் லண்டன் பத்திரிகை ஒன்றின் விமர்சகர், "இதற்கெல்லாம் இவ்வளவு பெரிய இடமா?" என்ற தோரணையில் வெளுத்து வாங்கினார். பூபேனை நேசித்தவர்கள் கொதித்து எழுந்து பதில் எழுதினார்கள்.

இந்தக் கூச்சல் நடந்தபோது, பெயர்ப் பலகைக்குச் சற்று உள்ளே, மாடத்தில் அந்த மனிதர் துணியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். கீழே தகப்பனும் மகனும் கழுதையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.